அண்ணா சாலையில் அலுவலகம், வீடு எங்கே? சென்னையில் குடியிருப்புப் பகுதியைத் தேர்வதற்கான முழுமையான வழிகாட்டி

சென்னையின் மையப் பகுதியில் வேலை கிடைத்து வாடகை வீடு தேடத் தொடங்குபவர்கள், அலுவலகத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் பார்க்கிறார்கள். இந்த ஊரில் அந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. தாம்பரத்திலிருந்து எழும்பூர் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் இருந்தும் மின்சார ரயிலில் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். வளசரவாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கம் அதில் பாதித் தொலைவுகூட இல்லை என்றாலும், காலை ஒன்பது மணிக்கு ஆற்காடு சாலை வழியாகப் பேருந்தில் வருபவர் அதே முக்கால் மணி நேரத்தையோ அதற்கும் கூடுதலாகவோ செலவிட நேரும். எனவே வீடு தேடும்போது தொலைவைக் காட்டிலும் முக்கியமான கேள்வி, அலுவலகம் எந்த ரயில் தடத்தின் மேல் இருக்கிறது என்பதே. அந்தத் தடத்தை முதலில் கண்டுபிடித்து, வாடகைக்கும் வசதிக்கும் ஏற்ற நிலையத்தை அதன் மேலேயே தேடுவதுதான் இந்த வழிகாட்டியின் முறை.

மையப் பகுதி என்று இங்கே சொல்வது பாரிமுனை, எழும்பூர், அண்ணா சாலை, ஆயிரம் விளக்கு, நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, தியாகராய நகர் ஆகியவற்றை. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குச் செல்பவர்களின் கணக்கு முற்றிலும் வேறு என்பதால், அவர்களுக்கு இதில் பாதிதான் பயன்படும்.

படி 1: பகுதியின் பெயரை விட்டுவிட்டு அலுவலக வாசலைக் குறியுங்கள்

பணி நியமனக் கடிதத்தில் “நுங்கம்பாக்கம்” என்று இருந்தால் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த நிலையம் நுங்கம்பாக்கத்தின் மேற்கு ஓரத்தில், சூளைமேட்டை ஒட்டி இருக்கிறது. சாஸ்திரி பவன் போன்ற அலுவலகங்கள் உள்ள ஹாடோஸ் சாலை கிழக்கே வெகுவாக உள்ளே தள்ளி இருப்பதால், அங்கே வேலை பார்ப்பவருக்கு அந்த ரயில் நிலையத்தைவிட அண்ணா சாலையில் உள்ள ஆயிரம் விளக்கு மெட்ரோ நிலையமே கிட்டம். லயோலா கல்லூரிப் பக்கம் வேலை என்றால் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரே பகுதிப் பெயருக்குள் இரண்டு வேறு தடங்கள் இப்படி அடங்கியிருக்கின்றன. எந்தத் தடம் உங்களுடையது என்பதை வாசலின் இடம்தான் சொல்லும்.

பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஏமாற வேண்டிய இடங்கள் வேறும் உண்டு. சைதாப்பேட்டையில் மின்சார ரயில் நிலையமும் மெட்ரோ நிலையமும் அடுத்தடுத்து இல்லை. மீனம்பாக்கத்திலும் அப்படித்தான். கிண்டியிலும் பரங்கிமலையிலும் எழும்பூரிலும் இரண்டும் நடந்து மாறிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கி இருக்கின்றன.

அலுவலக வாசலைக் குறித்த பிறகு, அதைச் சுற்றிப் பத்து முதல் பதினைந்து நிமிட நடைக்குள் எந்தெந்த நிலையங்கள் வருகின்றன என்று பாருங்கள். கத்திரி வெயிலில் மதியப் பணிக்கு நடந்து வருவதையும், ஐப்பசி மழையில் குடையோடு வருவதையும் நினைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடையை நாள்தோறும் செய்வோம் என்று திட்டமிடுவது வெறும் ஆசையாகவே முடியும். கிடைக்கும் நிலையம் ஒன்றே ஆனால் தடம் முடிவாகிவிட்டது. இரண்டு கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஏனெனில் வீடு தேடும் பரப்பு இரண்டு மடங்காகிறது.

படி 2: தடத்தின் மேல் தேடுங்கள்

மையப் பகுதிக்குள் வரும் ரயில் தடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில். 1931-இல் தாம்பரம் வரை மின்மயமான இந்தத் தடத்தையொட்டித்தான் நகரத்தின் தெற்குப் பகுதி வளர்ந்தது என்பதால், கோடம்பாக்கம், மாம்பலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் கடைத்தெரு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் நடக்கும் தொலைவில் அமைந்திருக்கின்றன. கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம் நிலையங்களையொட்டி அலுவலகம் உள்ளவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சாதாரணக் கட்டணம் 10 ரூபாய்தான். மாதச் சீட்டு எடுத்தால் இன்னும் குறையும். வாடகை கிண்டியைத் தாண்டியதும் ஒரு படி இறங்குகிறது. தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று போகப் போக மேலும் இறங்குகிறது.

ஆனால் தாம்பரத்துக்கு அப்பால் குடியேறும் முன் ஒன்றை நேரில் பார்த்துவிட வேண்டும். காலையில் தாம்பரத்திலிருந்தே புறப்படும் வண்டியில் ஐந்து நிமிடம் முன்னால் வந்து ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியோ தாம்பரத்துக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். ஆகவே குரோம்பேட்டையில் ஏறுபவர் நின்றுகொண்டு போக, தாம்பரத்தில் ஏறுபவர் செய்தித்தாள் படித்துக்கொண்டு போவதும் உண்டு. புறப்படும் நிலையத்தின் பக்கத்தில் குடியிருப்பதால் கூடுகிற பத்து நிமிடம் பலருக்கு உறுத்துவதில்லை. வேளச்சேரிக்கும் ஆவடிக்கும் விம்கோ நகருக்கும் இதே கணக்கு பொருந்தும்.

அடுத்தது கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயில். 1995-இல் சேப்பாக்கம் வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் ஓடத் தொடங்கிய இந்தத் தடம் சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி, கோட்டூர்புரம், இந்திரா நகர், திருவான்மியூர் வழியாகச் செல்கிறது. எழிலகம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், ராஜாஜி சாலை வங்கிகள் ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கு மிகவும் ஏற்றது. இதன் குறை, நிலையங்கள் பெரிதாகவும் ஆளரவம் குறைந்தும் இருப்பதுதான். இரவு எட்டு மணிக்கு மேல் சில நிலையங்களின் படிக்கட்டுகளில் தனியாக இறங்கி வருவதற்குப் பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் யோசிக்கிறார்கள். வீடு பிடிக்கும் முன் அந்த நிலையத்தில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை இறங்கிப் பாருங்கள்.

மூன்றாவது மெட்ரோவின் நீலத் தடம். விமான நிலையத்திலிருந்து ஆலந்தூர், கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்ஐசி, சென்ட்ரல், உயர் நீதிமன்றம், வண்ணாரப்பேட்டை வழியாக விம்கோ நகர் வரை செல்கிறது. அண்ணா சாலையில் அலுவலகம் உள்ள எவருக்கும் இதுவே தடம். விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 40 நிமிடம் என்பதால், நங்கநல்லூர், ஆலந்தூர், ஆதம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர் தேனாம்பேட்டை அலுவலகத்துக்கு ரயிலுக்குள் செலவிடும் நேரம் அரை மணிக்குள்தான். அதே வேளையில் சாலை வழியாக வருபவருக்கு, 2024-இல் தொடங்கிய தேனாம்பேட்டை – சைதாப்பேட்டை மேம்பாலப் பணி எப்படியெல்லாம் சோதனை கொடுத்தது என்பதை அந்த வழியில் போய் வந்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

நீலத் தடத்தின் வடக்குப் பாதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பிறகு, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் ஆகியவை அண்ணா சாலைக்கு நேரடித் தடத்தில் வந்துவிட்டன. தெற்கே அதே பயண நேரத்தில் கிடைக்கும் வீட்டைக் காட்டிலும் இங்கே வாடகை பொதுவாகக் குறைவு. வடசென்னை என்றதும் முகம் சுளிப்பது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது; அந்தப் பழக்கத்துக்காக மாதந்தோறும் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம். மணலி, எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளின் காற்று உண்மையான கேள்விதான். ஆஸ்துமா உள்ள குழந்தையோ முதியவரோ வீட்டில் இருந்தால் மட்டும் அதற்கு முதலிடம் கொடுங்கள்.

நான்காவது மெட்ரோவின் பச்சைத் தடம். சென்ட்ரலிலிருந்து எழும்பூர், கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர், அண்ணா நகர், திருமங்கலம், கோயம்பேடு, அரும்பாக்கம், வடபழனி, அசோக் நகர், ஈக்காட்டுத்தாங்கல் வழியாகப் பரங்கிமலை வரை. எழும்பூர், கீழ்ப்பாக்கம் அலுவலகங்களுக்கு நேரடி. அண்ணா சாலைக்குப் போக வேண்டுமானால் சென்ட்ரலிலோ ஆலந்தூரிலோ மாற வேண்டும். அண்ணா நகரில் இருப்பவர் சென்ட்ரலில் மாறுவதும், அசோக் நகரில் இருப்பவர் ஆலந்தூரில் மாறுவதும் பொருத்தம். முகப்பேரில் வீடு பார்ப்பவர்கள், அது திருமங்கலம் நிலையத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதைத் தரகரின் வாய்ச்சொல்லை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

மேற்கே ஆவடி, திருவள்ளூர் தடத்திலும் வடக்கே கும்மிடிப்பூண்டி தடத்திலும் வரும் வண்டிகள் பெரும்பாலும் சென்ட்ரலையொட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் வந்து நிற்கும். சில மட்டும் கடற்கரைக்குப் போகும். பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் ஆகியவை சென்ட்ரலைச் சுற்றி அலுவலகம் உள்ளவர்களுக்குச் சிறந்த இடங்கள். அங்கிருந்து அண்ணா சாலைக்குப் போகிறவர்கள் சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடிக்கலாம்.

மேலே சொன்ன எந்தத் தடத்திலும் வராத பகுதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. போரூர், வளசரவாக்கம், மாதவரம், சோழிங்கநல்லூர் போன்ற இடங்களை இணைப்பதற்காக 118.9 கிலோமீட்டர் நீளத்தில் மெட்ரோவின் இரண்டாம் கட்டம் திட்டமிடப்பட்டது. மூன்று வழித்தடங்களும் பகுதி பகுதியாகவே பயன்பாட்டுக்கு வரும். வீடு வாங்குபவர் பத்து ஆண்டுகளை நினைத்து அதற்கேற்ப முடிவெடுக்கலாம். பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியேறுபவரோ, தன் நிலையத்திலிருந்து தன் அலுவலகம் வரை வண்டி இன்றைக்கு ஓடுகிறதா என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். ஓடாத ரயிலுக்காக வீட்டுக்காரர் கேட்கும் கூடுதல் வாடகையையும், அந்தப் பணிகள் முடியும் வரை தெருவை அடைத்து நிற்கும் தகரத் தடுப்புகளையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கும்.

படி 3: மாறுதல்களை எண்ணுங்கள்

வாசலிலிருந்து வாசல் வரை உள்ள பயணத்தைத் துண்டுகளாக எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டிலிருந்து நிலையம், காத்திருப்பு, ரயில், மாறுதல், மறுபடி காத்திருப்பு, ரயில், நிலையத்திலிருந்து அலுவலகம். ஒவ்வொரு மாறுதலுக்கும் பத்து நிமிடம் சேர்ப்பது நியாயமான மதிப்பீடு. பேருந்துக்கு மாறுவதானால் பதினைந்தோ இருபதோ சேர்க்கலாம்.

ரயிலுக்குள் இருக்கும் நேரம் யாரையும் பெரிதாகக் களைப்பாக்குவதில்லை. முதல் துண்டும் கடைசித் துண்டும்தான் களைப்பைத் தருகின்றன. குரோம்பேட்டை நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் வீடும், அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே அஸ்தினாபுரத்தைத் தாண்டியிருக்கும் வீடும் விளம்பரத்தில் “குரோம்பேட்டை” என்றே வரும். இரண்டாவது வீட்டில் இருப்பவர் ஷேர் ஆட்டோவுக்கு நின்று, நெரிசலில் நகர்ந்து, நிலையத்துக்கு வருவதற்குள், முதல் வீட்டில் இருப்பவர் கிண்டியைத் தாண்டியிருப்பார்.

நிலையத்தின் எந்தப் பக்கம் வீடு என்பதும் முக்கியம். நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையம், கிண்டியிலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலையின் மேல் இருக்கிறது. நங்கநல்லூரோ மின்சார ரயில் பாதைக்கு மறுபுறம் இருப்பதால், பழவந்தாங்கல் சுரங்கப்பாதை போன்ற ஒரு வழியில் பாதையைக் கடந்துதான் வர வேண்டும். மாம்பலத்திலும் இதே கதை. மேற்கு மாம்பலத்தில் வீடு என்றால் நிலையத்தின் மேற்கு வாசலில் இறங்கி அமைதியாக நடந்துவிடலாம். கிழக்கே தியாகராய நகரில் அலுவலகம் வைத்திருப்பவர் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரங்கநாதன் தெருவைக் கடக்க ரயில் பயணத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்ட காலமும் உண்டு. 2023-இல் மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்துத் திறக்கப்பட்ட நடைமேம்பாலம் அந்தச் சிரமத்தைப் பெருமளவு குறைத்துவிட்டது.

இரு சக்கர வாகனத்தில் நிலையம் வரை வந்து அங்கே நிறுத்திவிட்டு ரயில் ஏறுவது பலர் கைக்கொள்ளும் வழி. மெட்ரோ நிலையங்களில் மாதக் கட்டணத்தில் வண்டி நிறுத்தும் வசதி இருக்கிறது. ஆனால் நீங்கள் புறப்படும் நேரத்தில் இடம் இருக்குமா என்பதை அந்த நேரத்துக்கே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 4: முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை நாளில் பயணம் செய்யுங்கள்

வீடு பார்ப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நடப்பதுதான் இந்த விஷயத்தில் பெரிய கண்ணி. ஞாயிறு காலையில் போரூரிலிருந்து தேனாம்பேட்டைக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடும் தரகர், “பாருங்க சார், எவ்வளவு பக்கம்” என்று சொல்வது பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல. செவ்வாயோ புதனோ, பள்ளிகள் திறந்திருக்கும் ஒரு நாளில், நீங்கள் வழக்கமாகப் புறப்பட வேண்டிய நேரத்தில் அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை போய்ப் பாருங்கள். அதே நாள் மாலை திரும்பியும் பாருங்கள்.

மாலைப் பயணத்தைப் பலர் சோதிப்பதில்லை. காலையில் ஒன்பதரைக்குள் போயாக வேண்டும் என்ற அவசரத்தில் நெரிசலைப் பொருட்படுத்தாமல் ஏறிவிடுகிறோம். மாலையில் உடம்பு ஓய்ந்திருக்கும்போதுதான் அது உறைக்கிறது. கடற்கரையில் ஏறுபவருக்கு இருக்கை கிடைக்கும், எழும்பூரில் ஏறுபவருக்குச் சில நாள் கிடைக்கும், நுங்கம்பாக்கத்தில் ஏறுபவர் நின்றுகொண்டே தாம்பரம் வரை போகத் தயாராக இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். நாளொன்றுக்கு ஓடும் நடைகள் குறைவு என்பதால், அதன் நேரம் உங்கள் நேரத்தோடு ஒத்துப்போனால் மட்டுமே அதைக் கணக்கில் சேர்க்கலாம்.

பேருந்தை நம்பியிருப்பவர்களுக்குச் சோதனைப் பயணம் இன்னும் அவசியம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு ஓடும் 29சி போன்ற பெயர் பெற்ற தடங்கள், ரயில் இணைக்காத பகுதிகளை ஒரே வண்டியில் இணைத்துவிடுகின்றன. மாநகரப் பேருந்துகள் எங்கே வருகின்றன என்று காட்டும் செயலி இருக்கிறது. 2025 செப்டம்பரில் அறிமுகமான “சென்னை ஒன்” செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டு எடுக்கலாம். இருந்தாலும், நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று, உங்கள் தடத்தில் எத்தனை வண்டிகள் வருகின்றன, அவற்றில் ஏறுவதற்கு இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதற்கு எந்தச் செயலியும் ஈடாகாது.

படி 5: வாடகையையும் நேரத்தையும் ஒரே கணக்கில் கொண்டுவாருங்கள்

இரண்டு வீடுகளில் எதை எடுப்பது என்று தடுமாறும்போது, மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்று பார்ப்பது தெளிவைத் தரும். நுங்கம்பாக்கம் நிலையத்தையொட்டி அலுவலகம் என்றும், மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு 22,000 ரூபாய்க்கும் குரோம்பேட்டையில் அதே அளவு வீடு 14,000 ரூபாய்க்கும் கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வாசலிலிருந்து வாசலுக்கு முன்னது 30 நிமிடம், பின்னது 65 நிமிடம் என்றால், ஒரு நாளைக்கு 70 நிமிட வேறுபாடு. மாதம் 24 வேலை நாள்களுக்கு 28 மணி நேரம். வாடகை வேறுபாடான 8,000 ரூபாயை 28-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 285 ரூபாய். குரோம்பேட்டை வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் ஒரு நடைக்கு 20 ரூபாய் என்றால் மாதம் 960 ரூபாய் போய்விடும். அதைக் கழித்துப் பார்த்தால் மணிக்கு 250 ரூபாயாகிறது.

இந்த 250 ரூபாய் அதிகமா குறைவா என்பதற்குப் பொதுவான விடை இல்லை. வீட்டுக்கு வந்து கைக்குழந்தையைப் பார்க்க வேண்டியவருக்கு அது மிக மலிவு. ரயிலில் உட்கார இடம் கிடைத்து, போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு போகும் இளைஞருக்கு அந்த 28 மணி நேரம் வீணே அல்ல என்பதால், 8,000 ரூபாயை மிச்சப்படுத்துவதே புத்திசாலித்தனம்.

பயணச் செலவைப் போடும்போது தடத்துக்குத் தடம் உள்ள வேறுபாட்டையும் கவனியுங்கள். மின்சார ரயில் கிட்டத்தட்ட இலவசம் என்று சொல்லுமளவுக்கு மலிவு. மெட்ரோவின் முதல் கட்டத் தடங்களில் கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. அட்டையிலோ கைப்பேசியில் எடுக்கும் கியூஆர் சீட்டிலோ பயணம் செய்தால் 20 சதவீதம் தள்ளுபடி. ஒரு நடைக்கு 40 ரூபாய்ப் பயணம் தள்ளுபடி போக 32 ரூபாய் என்றால், 24 நாளுக்கு 1,536 ரூபாய். மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டில் வேலைக்குப் போகிறவர் பெண்ணாக இருந்தால் நேரடிப் பேருந்துத் தடத்தின் மதிப்பு இதனால் கூடுகிறது. முழு தூரத்தையும் இரு சக்கர வாகனத்திலேயே வருபவர், நாளொன்றுக்கு 36 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்குக்கூட மாதம் 1,900 ரூபாய்க்குக் குறையாமல் பெட்ரோலுக்கு ஒதுக்க வேண்டும். டயர், சர்வீஸ், முதுகு வலி ஆகியவை தனி.

படி 6: மழை நாளை நினைத்துப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இதுவரை போட்ட கணக்கெல்லாம் சில நாள்களுக்குச் செல்லாமல் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், கொளத்தூர், வியாசர்பாடி போன்ற இடங்களில் தண்ணீர் வடியப் பல நாள்களாயின. ஒரு பகுதி முழுவதும் முழுகுவதில்லை. தெருவுக்குத் தெரு மாறும். ஆகவே பகுதியின் பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடமும் இஸ்திரி போடுபவரிடமும், “மிக்ஜாம் அப்போ இங்கே எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?” என்று கேளுங்கள். அவர்கள் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும், நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு சுரங்கப்பாதை இருந்தால் அதுவே உங்களைச் சிறைப்படுத்திவிடும். தியாகராய நகருக்கும் மேற்கு மாம்பலத்துக்கும் இடையிலுள்ள துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை, வியாசர்பாடியின் கணேசபுரம் சுரங்கப்பாதை ஆகியவை கனமழையில் மூடப்படுவதாக வரும் செய்திகள் சென்னைவாசிகளுக்குப் பழக்கமானவை. 2023 வெள்ளத்தின்போது பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையில் தண்டவாளத்திலேயே தண்ணீர் ஏறியதால் மேற்குத் தடத்து வண்டிகள் தடைப்பட்டன. மாற்று வழி ஒன்றாவது இருக்கும் இடமாகப் பார்ப்பது நல்லது. கிண்டி, ஆலந்தூர், பரங்கிமலைப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு மின்சார ரயில் நின்றால் மெட்ரோ, மெட்ரோ நின்றால் பேருந்து என்று வழி திறந்திருக்கும். பெருங்களத்தூரில் இருப்பவருக்கு ரயில் நின்றால் ஜிஎஸ்டி சாலைதான்.

படி 7: இரவையும் ஞாயிறையும் விட்டுவிடாதீர்கள்

வேலை முடிவது ஆறு மணிக்கே என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். தணிக்கை அலுவலகம், பத்திரிகை, மருத்துவமனை, உணவகம் போன்றவற்றில் வேலை பார்ப்பவர்கள் கடைசி வண்டியின் நேரத்தைத் தெரிந்துகொண்டுதான் வீடு பிடிக்க வேண்டும். மெட்ரோ இரவு 11 மணியோடு முடிகிறது. மின்சார ரயில் அதற்குப் பிறகும் சிறிது நேரம் ஓடினாலும், பத்து மணிக்கு மேல் வண்டிகளுக்கிடையே இடைவெளி கூடிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில் தனி அட்டவணையில் குறைவாக ஓடும். பராமரிப்புப் பணி இருந்தால் அதிலும் சில நடைகள் ரத்தாகும்.

வாரக் கடைசியில் ஊருக்குப் போய் வருபவர்கள் இன்னொன்றையும் சேர்த்து யோசிக்கலாம். தென்மாவட்டப் பேருந்துகளுக்காக வண்டலூரையடுத்த கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டதிலிருந்து, ஊருக்குப் போக வசதி என்பதற்காகக் கோயம்பேட்டையொட்டி வீடு எடுப்பதில் பொருள் இல்லாமல் போய்விட்டது. திங்கட்கிழமை அதிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, குளித்துவிட்டு அலுவலகம் போக வேண்டியவருக்குத் தாம்பரம், பெருங்களத்தூர்ப் பக்கம் வீடு இருப்பது உண்மையிலேயே பெரிய வசதி.

படி 8: வீட்டில் இருவர் வேலைக்குப் போனால்

கணவருக்குத் தேனாம்பேட்டையிலும் மனைவிக்குத் தரமணியிலும் வேலை என்றால், இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியைக் குறித்து அங்கே வீடு தேடுவது வழக்கம். அந்தப் புள்ளி இருவர் தடத்திலும் இல்லாமல் போவதும் வழக்கம். நடுவில் இருப்பதைவிட, இரண்டு தடங்களில் ஒன்றின் மேல் வீடு இருந்து, மற்றவருக்கு ஒரே ஒரு நேரடிப் பேருந்து கிடைத்தால் அதுவே மேல். மேற்சொன்ன இணைக்குச் சைதாப்பேட்டையோ கோட்டூர்புரமோ பொருந்தலாம். சைதாப்பேட்டையில் மெட்ரோ, கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில்.

இருவரில் யாருடைய பயணத்தைக் குறைப்பது என்பதில் சம்பளம் யாருக்கு அதிகம் என்று பார்ப்பது தவறான அளவுகோல் என்பது என் கருத்து. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடுபவர் யார், பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் ஓட வேண்டியவர் யார் என்று பாருங்கள். அவருடைய பயணம்தான் குறைய வேண்டும். அவரே நாள்தோறும் இரண்டு மணி நேரம் வழியில் நிற்பதானால், குடும்பத்தின் எந்தக் கணக்கும் ஒத்துவராது. பிள்ளைகளின் பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதா, அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருப்பதா என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் என்பதே பெரும்பாலானவர்களுக்குச் சரி. வேனில் ஒரு மணி நேரம் சுற்றும் பிள்ளைக்கு நம் ரயில் தடத்தால் எந்தப் பயனும் இல்லை.

படி 9: தெருவைத் தேர்ந்து ஒப்பந்தம் போடுதல்

தடம், நிலையம், பக்கம் மூன்றும் முடிவான பிறகு, நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடைக்குள் இருக்கும் தெருக்களைக் காலால் நடந்து பாருங்கள். “வாடகைக்கு” என்று கதவில் தொங்கும் அட்டைகளில் பல இணையத் தளங்களுக்கு வருவதே இல்லை. தரகுக் கட்டணமும் மிச்சம். நடக்கும்போது தெருவிளக்கு, நடைபாதை, நாய்கள், இரவில் திறந்திருக்கும் கடை ஆகியவற்றைக் கவனியுங்கள். வீட்டுக்காரரிடம் தண்ணீர் பற்றிக் கேட்கும்போது, குடிநீர் வாரியக் குழாயா, ஆழ்துளைக் கிணறா, கோடையில் லாரி வருமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். லாரி எந்நேரம் வந்தாலும் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதால், அதுவும் வேலைக்குப் போகும் நேரத்தோடு தொடர்புள்ள விஷயமே.

முன்பணம் இந்த ஊரில் பல மாத வாடகைக்கு நிகராகக் கேட்கப்படுவதால், பேரம் பேச வேண்டிய இடம் வாடகையைவிட அதுதான். பெரிய தொகை மாட்டிக்கொண்டால், அலுவலகம் வேறு கிளைக்கு மாற்றினாலும் வீட்டை மாற்ற மனம் வராமல் இரண்டு தடம் மாறிப் போய்க்கொண்டிருப்போம். ஒப்பந்தத்தில் காலி செய்வதற்கான முன்னறிவிப்பு எத்தனை மாதம், வண்ணம் பூசுவதற்கு எவ்வளவு பிடித்தம், முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரு சக்கர வாகனம் நிறுத்தும் இடமும் எழுத்தில் இருக்கட்டும். வாய்மொழியாகக் கிடைத்த நிறுத்துமிடம், மாடி வீட்டுக்காரர் கார் வாங்கும் நாள் வரைக்கும்தான்.